களிம்பு ஆற்றிய புண்

என் தங்கை வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே ‘அண்ணே’, முதுகுக்குப் பின்னால் ‘களிம்பு’. மருந்துக்கடையில் முதலாளி கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கவுண்டருக்கும் அலமாரிக்கும் நடுவே நின்று கடையை நடத்துகிறவர் இவர்தான். எங்கள் இஸ்திரிக் கடை அதற்கு நேர் எதிரே. தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தால் இவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க ஊரெல்லாம் அலைந்தோம் என்று பெருமை பேச முடியாது. தெருவைத் தாண்டினோம், அவ்வளவுதான்.

ஆள் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது. ஆனால் உண்மை அதுதான். குடி கிடையாது, கை நீட்டுகிற வழக்கம் கிடையாது. படிக்கத் தெரியாத கிழவிகள் வந்தால் காலை மாத்திரைப் பொட்டலத்தில் ஒரு கோடு, ராத்திரி மாத்திரைப் பொட்டலத்தில் இரண்டு கோடு என்று போட்டு, திருப்பிச் சொல்லவைத்துத்தான் அனுப்புவார். டாக்டர் கிறுக்கிய எழுத்தை டாக்டரைவிட வேகமாகப் படிப்பார். இதிலேயே அவருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. “டாக்டர்கிட்ட காட்டணுமாண்ணே?” என்று யாராவது கேட்டால், “இதுக்கெல்லாமா டாக்டரு?” என்பார். அந்த ‘இதுக்கெல்லாமா’வைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பிரகாசம் வரும் பாருங்கள், பார்க்க ஆயிரம் கண் வேண்டும்.

களிம்பு வாங்க வருகிற கூட்டம் தனி. எல்லாம் ஆம்பிளைகள். பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், சில சமயம் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்ட ஆபீஸ்காரர்கள். கடையில் பெண்கள் யாராவது நின்றால் நெருங்க மாட்டார்கள். பற்பசை டப்பாவை எடுத்து அதில் ஏதோ சர்க்கார் ரகசியம் எழுதியிருக்கிற மாதிரி படித்துக்கொண்டிருப்பார்கள். இவருக்குப் பார்த்த பார்வையிலேயே புரிந்துவிடும். கவுண்டரின் கோடிக்குத் தலையசைத்துக் கூப்பிடுவார். ஒரு கேள்வி கிடையாது. வெள்ளைக் களிம்பு ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்து, “ரெண்டு வேளை பூசு. கொஞ்ச நாள் பொறு, ஆறிடும்” என்பார். அதேபோல் ஆறிவிடும். வந்து, “அண்ணே, இருந்த இடமே தெரியல” என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். படை, சொறி எதற்கோ வாங்குகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இஸ்திரிப் பெட்டி பிடிக்கிறவளுக்கு வேறு என்ன தெரியும்?

அந்தக் களிம்பின் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை வந்ததற்குக் காரணம் அவர் உடம்புதான். இது பின்னால் எல்லாம் உடைந்துபோன பிறகு அவர் வாயாலேயே வந்தது. கல்யாணத்துக்குக் கொஞ்ச மாதம் முன்பு, கடைக்குச் சரக்கு எடுக்க வெளியூர் போய்த் தங்கியிருந்தபோது ஒரு பெண்ணோடு இருந்திருக்கிறார். அலமாரியில் அடுக்கடுக்காக ஆணுறை வைத்து ஊருக்கே விற்கிற மனுஷர், போகும்போது தன் பையில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. சில வாரம் கழித்து மறைவிடத்தில் சின்னதாக ஒரு புண். வலி இல்லை, அரிப்பு இல்லை. கைக்கு எட்டிய களிம்பைப் பூசினார். ஆறிவிட்டது.

பூசாமல் விட்டிருந்தாலும் ஆறியிருக்கும். அந்தப் புண்ணின் குணமே அதுதானாம். தானே வரும், தானே போகும், வலிக்கவும் வலிக்காது. போவது புண் மட்டும். கிருமி சத்தம் போடாமல் ரத்தத்தில் தங்கிவிடும். அதன் பிறகு இவருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்பாகப் புள்ளிகள் வந்தன. ஏதோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அதன் மேலும் களிம்பு. அதுவும் போய்விட்டது. இதற்கு சிபிலிஸ் என்று பெயர், பெரியவர்கள் மேகநோய் என்பார்கள், ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடித்து ஊசியில் தீர்த்துவிடலாம் என்பதெல்லாம் மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாதா? பெயர் தெரியும். அது தன் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரும் என்பதுதான் தெரியாது. தான் வைத்தியம் பார்த்தோம், தனக்குக் குணமாயிற்று என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைத்தான் பேப்பரில் சுற்றி ஊருக்கு விற்றார். அந்த நம்பிக்கையோடுதான் என் தங்கையையும் கட்டிக்கொண்டார்.

என் தங்கையை வீட்டில் ‘சின்னவள்’ என்போம். கல்யாணமாகியும் சின்னவள்தான். அவளுக்கு ஒரு புண்ணும் தெரியவில்லை. பெண்களுக்கு அது உள்ளே வந்து, கண்ணுக்குப் படாமலேயே ஆறிவிடுமாம். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்திலேயே போனது. வழுக்கி விழுந்தாளா, கனம் தூக்கினாளா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவள் மாமியார் சுற்றி வளைக்கவில்லை. “என் புள்ளைக்கு ஒரு குறையும் இல்ல. இவ வயிறுதான் தங்காத வயிறு” என்று முடித்துவிட்டார். பிள்ளை முகம்கூடப் பார்க்கவில்லை, அதற்கு என்ன அழுகை என்று சின்னவளை அடுத்த நாளே அடுப்படிக்கு அனுப்பினார்.

இரண்டாவது தடவை களிம்பு தானே முன்னே நின்று எல்லாம் செய்தார். பழக்கமான லேப் ஆளை வீட்டுக்கே வரவழைத்து ரத்தம் எடுக்க வைத்தார். வந்த ஆள், “மாசமா இருக்கிறவங்களுக்கு எடுக்கிறது மொத்தமும் எடுத்துடட்டுமாண்ணே? வீடிஆர்எல்லும் அதுல வரும்” என்று கேட்டிருக்கிறான். சிபிலிஸுக்குப் பார்க்கிற சோதனைதான் அது. இவருக்கு முகம் சிவந்துவிட்டது. “சக்கரை பாரு, ரத்த அளவு பாரு. அது அந்த மாதிரி பொம்பளைங்களுக்கு எடுக்கறது. நம்ம வீட்டுல எதுக்கு?” என்று சொல்லிவிட்டார். சின்னவள் இதை என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னாள். “என்னை எவ்ளோ உசத்தியா வச்சுப் பேசினாரு தெரியுமாக்கா?” என்றாள். கேட்ட எனக்கும் குளிர்ந்துதான் போயிற்று.

அந்தப் பிள்ளை எட்டாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. ஆண் பிள்ளை. தோல் உரிந்திருந்ததால் அவளிடம் காட்டாமலேயே துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். களிம்பு கவுண்டரில் நின்று யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே அழுதார். நான் எதிரேயிருந்து பார்த்தேன். பொய் அழுகை இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மூன்றாவதாக அவள் உண்டானதும், இனி மருந்துக்கடை வைத்தியம் போதும் என்று நானே அவளை இழுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே ஒரு நர்ஸம்மா, கட்டைக் குரல், சிரிக்கவே தெரியாத முகம். உசத்தி, தாழ்த்தி ஒன்றும் பார்க்கவில்லை. வருகிற எல்லா வயிற்றுக்கும் எல்லாச் சோதனையும். முடிவை அடுத்த நாள் வந்து தெரிந்துகொள்ளச் சொன்னார். சின்னவளிடம் போன் கிடையாது, புருஷன் நம்பரைக் கொடுத்தாள். அடுத்த நாள் அவளுக்கு வாந்தி. “நான் போய் வாங்கிட்டு வர்றேன், எனக்குத்தானே இதெல்லாம் புரியும்” என்று களிம்பு கிளம்பிப் போனார்.

அவர் சின்னவளின் புருஷன் என்று தெரிந்ததும் நர்ஸம்மா கதவைச் சாத்திவிட்டு நேராகவே சொல்லியிருக்கிறார். “உங்க மனைவி ரத்தத்துல சிபிலிஸ் இருக்கு. உங்களுக்கும் பாக்கணும். பயப்படாதீங்க, இப்பதான் நாலு மாசம், ஊசி போட்டுட்டா குழந்தையைக் காப்பாத்திடலாம். நாளைக்கே கூட்டிட்டு வாங்க.” இவர், “சரிங்க சிஸ்டர்” என்று வந்துவிட்டார்.

அன்றைக்கு அவர் கடையில் அலமாரியைப் பார்த்தபடி சிலையாக நின்றது எனக்கு நினைவிருக்கிறது. ஊசி என்றால் போட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத் தெரியும். பொண்டாட்டி எதற்கு ஊசி என்று கேட்பாள், அவளுக்கும் தெரியும். மருந்துக்கடைக்காரன் வீட்டில் மேகநோய் என்று வெளியே வந்தால் நாளைக்கு எவன் வந்து மருந்து கேட்பான்? மாத்திரைக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. கிருமிக்கான மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, சத்து மாத்திரை பாட்டிலைக் காலி செய்து அதில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். “எல்லாம் நல்லா இருக்காம். சத்துதான் கம்மி. இதைத் தவறாம போடணும், அடிக்கடி அங்க அலைய வேண்டாம்னாங்க” என்றார். தானும் ஒளித்துவைத்துப் போட்டுக்கொண்டார். காதும் காதும் வைத்த மாதிரி பெண்டாட்டி பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தாராம். வேறு எந்தப் புருஷனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது, வந்தாலும் கையில் மாத்திரை இருந்திருக்காது. இவருக்கு இரண்டும் இருந்தன.

சுகாதார நிலையத்திலிருந்து போன் வரும்போதெல்லாம், “பொறந்த வீட்டுக்குப் போயிருக்கா சிஸ்டர், அங்கயே காட்டிக்கறோம்” என்று சொல்லியிருக்கிறார். பிறந்த வீடு என்றால் நான்தான். தெருவைத் தாண்டினால் வந்துவிடும்.

சின்னவளுக்கு எட்டாம் மாதம் தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம். குடை பிடித்தபடி அந்த நர்ஸம்மா என் இஸ்திரி மேசை முன்னால் வந்து நின்றார். வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

“நீங்கதானே அந்தப் பொண்ணுக்கு அக்கா? அவங்க எப்ப ஊர்லேர்ந்து வருவாங்க?”

“எந்த ஊரு? நேத்து சாயங்காலம்கூட இந்த ஸ்டூல்ல உக்காந்து டீ குடிச்சாளே.”

நர்ஸம்மா குடையை மடக்கினார். எதிரே கவுண்டரைத் திரும்பிப் பார்த்தார். களிம்பின் கையிலிருந்த பாட்டில் அப்படியே நின்றது. அடுத்த நிமிஷம் செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடி வந்தார்.

“சிஸ்டர், வாங்க, அப்படி ஓரமா நின்னு பேசலாம்…”

“உங்ககிட்ட பேசியாச்சு. இனிமே அவங்ககிட்டதான் பேசணும்.”

நர்ஸம்மாவைச் சின்னவள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸம்மா என்னை வெளியே இருக்கச் சொன்னார். சின்னவள்தான், “அக்கா இருக்கட்டும் சிஸ்டர்” என்றாள். களிம்பு கதவுக்கு வெளியே சுவரோடு சுவராக நின்றார்.

நர்ஸம்மா சொல்லச் சொல்ல, சின்னவள் முதலில் சொன்னது ஒன்றே ஒன்று. “நான் யார்கிட்டயும் போனதில்ல சிஸ்டர்.”

“நீங்க எங்கயும் போக வேண்டாம்மா. வீட்டோட இருக்கிறவங்களுக்குத்தான் இது வீடு தேடி வருது.”

“ஆனா சத்து மாத்திரை ஒருநாள்கூட விடாம போட்டேன்.” பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

நர்ஸம்மா மாத்திரையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். அந்தச் சிரிக்காத முகம் முதல் தடவையாகக் கலங்கியதைப் பார்த்தேன். கதவுப் பக்கம் திரும்பி, “உள்ள வாங்க” என்றார். வந்தார். “இது உங்க மனைவி உடம்புல ஓடும். குழந்தைகிட்ட போய்ச் சேராது. ஊசி மருந்து மட்டும்தான் வயித்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கும் போய்ச் சேரும். நாலு மாசம் கையில இருந்துச்சு. இப்ப ஒரு மாசம் இருக்கான்னே தெரியல.”

“தெரியாம… எனக்கும் கடைக்கு வர்றவங்களுக்கும் களிம்புலயே ஆறிடுச்சேன்னு…” என்று ஆரம்பித்தார்.

“தெரியலன்னா கேட்டிருக்கலாமே!” என்று நான் கத்திவிட்டேன். நர்ஸம்மா என்னைக் கையமர்த்தினார்.

“அந்தக் களிம்பு எத்தனை பேருக்குக் குடுத்திருக்கீங்க?” என்று அவரைக் கேட்டார். “அவங்க வீட்டுலயும் பொம்பளைங்க இருக்காங்கல்ல?” களிம்பு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே இரண்டு பேருக்கும் ஊசி போட்டார்கள். எப்போது தொற்றியது என்று கணக்கு நிச்சயமில்லாததால் வாரம் ஒன்றாக மூன்று ஊசி. முழுசாக முடிந்து, டாக்டர் சரி என்கிற வரை ஒருவரையொருவர் தொடக் கூடாது. ஒருத்தர் குணமாகி இன்னொருத்தர் ஆகாவிட்டால் மறுபடி வந்துவிடும். ஒரு தடவை வந்தவருக்கு இன்னொரு தடவை வராது என்பதும் கிடையாது. நர்ஸம்மா சொன்னதையெல்லாம் சின்னவள் தலையாட்டிக் கேட்டாள். பெரிய ஊசி அது, போட்ட இடம் கட்டியாகிவிடும். அவள் முனகக்கூட இல்லை. ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

“குழந்தை பொழச்சுக்குமா சிஸ்டர்?”

“பொறக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியாவது முதல் ஊசி போட்டிருக்கணும். இன்னும் ஒரு மாசத்துக்கு வலி வராம இருந்தா நல்லது.”

அதற்குப் பிறகு அவள் என் வீட்டிலேயே இருந்துகொண்டாள். சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. “நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேளேன்டி” என்றேன். “பொறக்கட்டும்க்கா. பேசி வலி வந்துடுச்சுன்னா?” என்றாள். அவளுக்கு இப்போது புருஷனும் இல்லை, அவமானமும் இல்லை; இந்தப் பிள்ளை உயிரோடு வருமா என்ற ஒன்றுதான். மாடிப்படி ஏற மாட்டாள். தும்மல் வந்தால்கூட வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். நானும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் திரிந்தேன்.

இரண்டாவது ஊசி போட்டு வந்த அடுத்த நாளே வலி வந்துவிட்டது.

பெண் குழந்தை. உயிர் இருந்தது. ஆனால் கையகலம், வயிறு மட்டும் உப்பி. உள்ளங்கையும் உள்ளங்காலும் உரிந்திருந்தன. மூக்கு அடைத்துக்கொண்டு மூச்சு கரகரவென்று வந்தது. பால் உறிஞ்சத் தெம்பில்லை. பத்து நாள் விடாமல் ஊசி போட்டால் தேறலாம், ஆனால் காது கேட்குமா, கண் எப்படி இருக்கும் என்பதெல்லாம் போகப்போகத்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னார். அந்தக் குச்சிக் கையில் ஊசி ஏற இடம் தேடித் தேடிக் குத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் சின்னவள் பக்கத்திலேயே நின்றாள், முகத்தைத் திருப்பவில்லை.

இடையில் பஞ்சு வாங்க நான் மருந்துக்கடைக்குப் போக வேண்டியிருந்தது. வேறு கடைக்குப் போயிருப்பேன், அவசரம். கவுண்டரின் கோடியில் ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான், பட்டறை ஆள், கையெல்லாம் கரி. களிம்பு அவனிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

“இனிமே அது கிடையாது. ஆறிடும், ஆனா போகாது. சுகாதார நிலையத்துல போய் ரத்தம் பாரு. பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போ.”

“அவளை எதுக்குண்ணே? போன தடவ நீதானே குடுத்த, நல்லாத்தானே ஆச்சு?”

“நல்லா ஆகல. நான்தான் தப்பா சொன்னேன்.”

“பெரிய டாக்டரு! குடுக்க முடியலன்னா விடு” என்று அவன் காறித் துப்பிவிட்டு அடுத்த தெருக் கடையைப் பார்க்க நடந்தான். இவர் கவுண்டரைத் தாண்டி அவன் பின்னால் ஓடினார். முதலாளி பேப்பரை இறக்கிவிட்டு, “எங்கய்யா போற?” என்று கத்தினார். ஓடுகிறவரைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது. அவன் நின்றானா என்று தெரியாது. பஞ்சை நானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் முடிந்தது. குழந்தை மூக்கடைப்பு விட்டு, வாய் திறந்து அழுதது. முதல் தடவையாக வார்டு முழுக்கக் கேட்கிற அழுகை. வயிறும் வற்றியிருந்தது. வீட்டுக்குப் போகலாம், ஆனால் மாதாமாதம் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார்கள். சின்னவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். களிம்பு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். இத்தனை நாளும் அவர் வருவார், நிற்பார், போவார். அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தாள்.

“ஒண்ணு கேக்கணும். மழுப்பாம சொல்லுங்க.”

“கேளு.”

“மொத ரெண்டும் இதனாலதானா?”

அவர் என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அவள் விடவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா,” என்றார். “சிஸ்டர்கிட்ட கேட்டேன். இதாத்தான் இருக்கும்னாங்க.”

“அப்ப என் வயிறு இல்ல?”

“இல்ல.”

“நான் ஒண்ணும் பண்ணல?”

“நீ ஒண்ணும் பண்ணல.”

சின்னவள் எழுந்தாள். பிள்ளையை என் கையில் கொடுத்தாள். தாழ்வாரத்தில் நடந்து போய், கோடியில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் அடங்கவில்லை. கூட்டிப் பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். களிம்பும் போகப் பார்த்தார். நான் குறுக்கே நின்று மறித்தேன்.

“போகாதீங்க மாப்ள. அந்த ரெண்டு புள்ளைங்களுக்கும் அவ இப்பதான் அழறா.”